சாவி கொடுக்காத கார்த்திகை

அந்தக் கண்ணாடித் துண்டை உடைத்தது மலையா, ஒரு ஆட்டின் குளம்பா? ஓராண்டு ஆகப்போகிறது, எனக்கு இன்னும் தெரியாது. தெரியாத நிலையிலேயே ஒரு முடிவு எடுத்தேன். அந்த முடிவுக்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நிதியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் களப்பணி பற்றி ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வுபெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. வீட்டில் மூன்று வயது முடியாத ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். ஆனால் நிதியம் தொடங்கிய நாளிலிருந்து மலையில் வேலை பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இதையும் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

விண்ணப்பத்தை எப்படிச் சரிபார்ப்பது, நிலத்தை எப்படி அளப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

நிதியம் என்றால் என்ன என்று ஊரில் கேட்பார்கள். நான் இப்படிச் சொல்வேன். அரசு நிலம் கொடுக்கிறது. எஸ்டேட்காரர்களும் கொடைக்கானல் விடுதிக்காரர்களும் ஒரு வங்கியும் அரசோடு சேர்ந்து முதல் போடுகிறார்கள். கூலி வேலை செய்யும் குடும்பங்கள் மாதாமாதம் தங்களால் முடிந்ததைக் கட்டி வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். கேட்க எளிமையாக இருக்கும். இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கவே ஒன்றரை வருடம் ஆனது. எஸ்டேட்காரர்கள் லாபம் பார்த்துவிடுவார்களோ என்று அதிகாரிகளுக்குப் பயம். அதிகாரிகள் பாதியில் மாறிப் போய்விடுவார்களோ என்று எஸ்டேட்காரர்களுக்குப் பயம். வங்கிக்கு எல்லோர் மேலும் பயம். எல்லோருக்கும் தேநீர் ஏற்பாடு செய்த எனக்கு, யார் எப்போது எழுந்து போய்விடுவார்களோ என்று பயம். முதல் திட்டம் சரியாக வந்தால்தான் அடுத்தது என்று முடிவானது. அந்த முதல் திட்டம் என் பொறுப்பில் வந்தது.

தாண்டிக்குடிக்குக் கீழே, ஒரு காப்பி எஸ்டேட்டை ஒட்டிய சரிவு அது. மலையைப் படிப்படியாக வெட்டி, மூன்று வரிசையில் பதினெட்டு வீடுகள். மேல் வரிசைக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் கல் சுவர். வரப்போகிறவர்கள் அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் குடும்பங்கள். அவர்களில் பெரும்பாலோருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். எஸ்டேட் கொடுத்த ‘லயம்’ என்னும் வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை என்று இருந்தார்கள். அந்த அறையை அவர்கள் ‘காம்பரா’ என்பார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், மேலே தகரம்.

அவர்களுக்காகப் பேசுகிறவர் ராசம்மா. நாற்பது வயதிருக்கும், காப்பிப் பழம் பறிக்கிறவர். முதல் கூட்டத்தில் நான் திட்டத்தை விளக்கி முடித்ததும் அவர் எழுந்தார்.

"மேடம், எங்க அப்பா அம்மாவ கப்பல்ல ஏத்துறப்பவும் வீடு குடுக்குறோம்னுதான் சொன்னாங்களாம். அவுங்க காம்பராவுலயே செத்துப் போயிட்டாங்க. நீங்க எம்புட்டு வருசம்னு மட்டும் சொல்லிருங்க. காத்துக் கெடந்து எங்களுக்குப் பழக்கந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு வருடம் என்று சொன்னேன். சொன்னபடியே கட்டியும் முடித்தோம். நடந்த தவறு கட்டுமானத்தில் இல்லை.

நான் கன்னிவாடியில் பிறந்தவள். மலையை வீட்டு வாசலிலிருந்து நீலமாகப் பார்த்து வளர்ந்தவள். அங்கே மழை வந்தால் சந்தோஷம். திருமணமாகி மலைமேல் நாயுடுபுரத்துக்கு வந்த பிறகுதான் மழைக்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதனால் என் கண்ணில் படுகிற ஆபத்து எல்லாம் உண்மையான ஆபத்துதானா என்று எனக்கே சந்தேகம் வரும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஐப்பசி மழையில், மேல் வரிசைக்குப் பின்னால் இருந்த கல் சுவரில் ஒரு விரிசல் தெரிந்தது. நகம் நுழையும் அளவுதான். எங்கள் பொறியாளர் என்னைவிடச் சின்னவர், நிதானமானவர். விரிசலின் நீளத்தில் நான்கு இடங்களில் குறுக்காகக் கண்ணாடித் துண்டு பதித்தார். கண்ணாடியின் இரண்டு முனையையும் விரிசலின் இரண்டு பக்கத்திலும் சிமெண்டில் ஒட்டிவிட வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி வளையாது, உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், பயமில்லை என்று அர்த்தம். மூன்று துண்டுகள் சுவரின் முகத்தில். நான்காவது, விரிசல் முடியும் இடத்தில், சுவரின் தலைமேல்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாவி கொடுப்பதாக ஏற்பாடு. தேதியைக் குறித்தது குடும்பங்கள்தான். அதைவிட்டால் மார்கழி வந்துவிடும். மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். பிறகு தைக்குத்தான். முதல் போட்டவர்களும் தை வரை காத்திருக்கத் தயாராக இல்லை.

வியாழக்கிழமை பிற்பகல், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனோம். நான்காவது கண்ணாடி உடைந்திருந்தது. நடுவில், குறுக்காக.

பொறியாளர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், மத்த மூணும் நல்லாருக்கு. இது மேல இருக்கிறதால ஆடு மிதிச்சிருக்கும். காலையில கீழ் வரிசையிலேருந்து பார்த்தேன், பத்து ஆடு இந்தச் சுவர் மேலதான் நடந்து போச்சு."

"ஆடு மிதிச்சா இப்படித்தான் உடையுமா?"

"உடையலாம்."

"சுவர் நகர்ந்தா?"

"அப்பவும் இப்படித்தான் உடையும். சுவர் சாயுதுன்னா தலையிலதான் முதல்ல தெரியும்."

"அப்ப எது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தெரியல மேடம். புதுசா ஒண்ணு ஒட்டி நாலு நாள் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

எங்களிடம் நான்கு நாள் இல்லை. நிதியத்தின் தலைவரை அழைத்தேன். நல்ல மனிதர், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கதாம்மா எடத்துல இருக்கீங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க. நாளைக்கு எல்லாரும் வர்றாங்க, அதையும் மனசுல வச்சுக்குங்க."

மேலிடத்திலிருந்து இப்படி ஒரு பதில் உங்களுக்கும் ஒருநாள் வரும். முதல் பாதி அதிகாரம் கொடுப்பது போல இருக்கும், இரண்டாம் பாதி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அப்போது ஒன்று செய்யுங்கள். என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று அங்கேயே எழுதிவையுங்கள். நான் எழுதவில்லை. பிற்பாடு என் நினைவில் அந்தக் கண்ணாடி ஒரு நாள் நேராக உடைந்திருக்கிறது, ஒரு நாள் சாய்வாக.

நான் அன்று மாலையே ஒரு முடிவைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, கண் சொருகுகிறது என்று என் மாமியார் அழுதார். ஜீப்பில் ஏறி நாயுடுபுரம் போய்ச் சேரும் வரை எனக்குக் கண்ணாடியும் இல்லை, சுவரும் இல்லை. மருத்துவரிடம் காட்டி, காய்ச்சல் இறங்கி, குழந்தை என் தோளில் தூங்கிய பிறகுதான் மறுபடி சுவர் வந்தது. அதன்பின் பயந்தது பதினெட்டுக் குடும்பங்களுக்காகவா, தோளில் கிடந்த ஒரு குழந்தைக்காகவா? அன்று இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. விடியும்போது முடிவு செய்தேன், சாவி கொடுப்பதில்லை என்று.

நான் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. தூறல். எல்லோரும் வந்திருந்தார்கள். வாசல்களில் மாவிலை. மூன்று கல் வைத்து அடுப்பு, பக்கத்தில் புதுப் பானை. தகரப் பெட்டிகள், பாய்கள், கோழிக்கூடுகள் எல்லாம் பாதையோரம் வரிசையாக இருந்தன. இவ்வளவு சாமானையும் ஏன் இன்றைக்கே கொண்டுவந்தார்கள் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"வாங்க மேடம், வெரசா வாங்க. நல்ல நேரம் போயிரும்" என்றார் ராசம்மா. புதுச் சேலை கட்டியிருந்தார். அவர் மகள் நித்யா, எட்டு வயது, பால் தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

"என்னது வேண்டாம்?"

சுவரைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று நினைத்தேன். மண் இறங்கலாம், வீட்டோடு மேல் வரிசை கீழே வரலாம், உறுதியாகத் தெரியாது, ஆனால் உயிர் விஷயம் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

ராசம்மாவின் சித்தப்பா ஒருவர், வாயில் வெற்றிலையோடு திரும்பிச் சொன்னார்: "ஏலே, அந்த அடுப்ப அமத்துலே. மேடத்துக்கு இன்னைக்கு மனசு சரியில்லயாம்."

சிலர் சிரித்தார்கள். ராசம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நாங்க என்ன செய்ய?"

"ஒரு நாலு நாள். திரும்பிப் போய் உங்க வீட்டுலயே இருங்க அக்கா. நாலு நாள்ல சொல்லிடுறேன்."

"எந்த வீடு?"

"காம்பராதான்."

அவர் என்னையே பார்த்தார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்தப் பார்வையில் இருந்தது. "மேடம், ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா? ஆளு எறங்குனா தகரம் எறங்கிரும். வெள்ளனே நாங்க பெட்டியத் தூக்கி வெளிய வைக்கவும் தொரை ஆளுக ஏணியோட வந்துட்டாங்க. இந்நேரம் பாதி லயத்துல கூரை கெடயாது."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இதில் என் பங்கைச் சொல்கிறேன். வீடு வாங்குகிற குடும்பம் எஸ்டேட் அறையையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் சாவி கொடுக்கும்போது, ‘அறையைக் காலி செய்துவிட்டோம்’ என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடக் கூடாது என்று நான் பத்து நாள் முன்பே பதினெட்டுக் கடிதங்களையும் வாங்கி, அந்த வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டு, எஸ்டேட் அலுவலகத்துக்கு நகலும் கொடுத்துவிட்டேன். கோப்பு முழுமையாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தை முதல் நாளே முடிக்கிற பெண் நான். நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாக ஒரு தாளில் எழுதினால், யாரோ ஒருவர் அதை நம்பி ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எஸ்டேட் மேலாளரை அழைத்தேன். அவரும் கெட்டவர் இல்லை. "அது எங்க வழக்கம் மேடம். ரூம் காலியானா அன்னைக்கே கூரையப் பிரிச்சிருவோம். இல்லேன்னா வேற யாராச்சும் வந்து குடியேறிருவாங்க. தேதி போட்டுக் குடுத்தது நீங்கதான?"

"இப்ப மறுபடி போடச் சொல்ல முடியுமா சார்?"

"பிரிச்ச தகரம்லாம் பழசு, ஆணி அடிச்ச எடத்துல கிழிஞ்சிருக்கும். பாக்குறேன். பழம் பறிக்கிற சோலி நடக்குது, ஆள் விடுறது கஷ்டம்."

முந்தைய நாள் மாலை நான் ஒரு அழைப்பில் சொல்லியிருந்தால் அத்தனை தகரமும் அதனதன் இடத்தில் இருந்திருக்கும். தாளில் அவசரப்பட்டேன், பேச வேண்டிய இடத்தில் தாமதித்தேன். நீங்கள் இதைத் திருப்பிச் செய்யுங்கள். தாள் மெதுவாகப் போகட்டும். கெட்ட செய்தி, பாதி உறுதியான செய்தியாக இருந்தாலும், உடனே போகட்டும்.

அன்று பகலில் தாண்டிக்குடியில் ஒரு சமுதாயக்கூடம் ஏற்பாடு செய்தேன். மூன்று நாள் அங்கே இருந்தார்கள். ஆனால் எஸ்டேட்டில் காலை ஏழு மணிக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கூடத்திலிருந்து இறங்க ஜீப்புக்குக் காத்திருந்து, இரண்டு நாள் பலருக்கு வேலை போனது. பறிப்புக் காலத்தில் அந்தக் கூலியை விட்டால் பிறகு கிடையாது. ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வரிசை வீடுகளுக்கே போய்விட்டது. மேலாளர் முடிந்த அளவு தகரம் போட்டுக் கொடுத்தார். மீதி அறைகளுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். போகாதீர்கள் என்று நான் தடுத்திருக்கலாம். மறுபடியும் என் பயத்தை அவர்கள் கூலியில் கை வைக்க விடக் கூடாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

கூரை இல்லாத நேரத்தில் அந்த மண் சுவர்களின் தலையில் மழை இறங்கியிருந்தது. வெளியே தெரியவில்லை. ஆறாம் நாள் காலை, ராசம்மா அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அறைக்கும் அறைக்கும் நடுவிலிருந்த சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நித்யா அதன் ஓரத்தில் தலை சீவிக்கொண்டிருந்தாள். வலது கால் கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

எனக்குத் தகவல் வந்தபோது அவர்கள் ஜீப்பில் வத்தலக்குண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்டிருந்தது. தொடை எலும்பு. முறிந்தது சேரும், நடப்பாள், கொஞ்சம் நாளாகும் என்றார்கள். நான் பெஞ்சில் ராசம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க பாப்பாவுக்குக் காய்ச்சல்னாங்களே, இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"சரியாயிடுச்சு அக்கா."

"சின்னப் புள்ளைகளுக்குப் பனி ஆகாது. காதுல துணி கட்டி விடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிலில் இருந்த நித்யா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அழாதீங்கக்கா. அம்மா நேத்தே சொல்லுச்சு, இந்தச் செவரு வீங்கிருக்கு, தள்ளிப் படுன்னு. நாந்தேன் கேக்கல." பிறகு ஏதோ யோசித்துவிட்டுக் கேட்டாள்: "புது வீட்டுச் செவரும் வீங்கிருக்கா?"

"பார்த்துக்கிட்டு இருக்கோம்மா" என்றேன்.

நான்கு நாள் போதாது, மழை விடும் வரை பார்க்க வேண்டும் என்று பொறியாளர் சொல்லிவிட்டதால் மழைக்காலம் முழுவதும் பார்த்தோம். உடைந்ததற்குப் பதிலாகப் புதுக் கண்ணாடி ஒட்டினோம். அது உடையவில்லை. மற்ற மூன்றும் உடையவில்லை. மேல் வரிசை வீடுகளில் ஒரு கோடு கூட விழவில்லை. பதினெட்டுப் புது வீடுகளும் பூட்டியபடி, கழுவிவிட்டதுபோல் மழையில் நின்றன. அங்கே குடிபோயிருந்தால் நித்யாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை நான் ஒருநாளைக்கு ஒருமுறையாவது நினைக்கிறேன். உடனே, அது நான் தடுத்த பிறகு தெரிந்த விஷயம்தானே என்றும் நினைக்கிறேன். அடுத்த நிமிடம், ஆட்டை நேரில் பார்த்த பொறியாளர் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்றும். என் கணவர் சொல்கிறார், "அந்தச் சுவர் விழுந்திருந்தா இப்ப உன்னைக் கும்பிட்டிருப்பாங்க." இருக்கலாம். ஆனால் அது விழவில்லை. ஒரு சுவர் விழுந்தது, அது நான் திருப்பி அனுப்பிய இடத்தில் இருந்த சுவர்.

மழை விட்டதும் சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினோம். சுவரின் அடியில் இன்னொரு அடுக்குக் கல் வைத்தோம். மதுரையிலிருந்து மண் ஆய்வு நிபுணர் ஒருவர் வந்து இரண்டு நாள் பார்த்தார். அவர் அறிக்கையின் கடைசி வரி: ‘பொதுவாகப் பாதுகாப்பானது.’ ‘பொதுவாக’ என்ற சொல்லை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "மலையில அந்த வார்த்தை இல்லாம யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்கம்மா" என்றார். தலைவர் என் கையெழுத்தையும் கேட்டார். நானும் போட்டேன். வாய்க்காலை நானே நடந்து பார்த்திருந்தேன். என் அறிவுக்கு எட்டிய வரையில் அந்த இடம் பாதுகாப்பானது. பயம் மட்டும் போகவில்லை.

தையில் குடிபோகலாம் என்று சொல்லப் போனேன். யாரும் அசையவில்லை.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, வீட்டோட கீழ வரும்னு?" என்றார் ராசம்மாவின் சித்தப்பா. இந்த முறை அவரும் சிரிக்கவில்லை. "ராத்திரி மழை பேஞ்சா எங்க பொம்பளைக அந்த வீட்டையத்தான் எட்டிப் பாக்குறாக, எப்ப எறங்குதுன்னு."

அன்றுதான் புரிந்தது, தூறலில் நின்று நடுங்கும் குரலில் நான் சொன்னதெல்லாம் அவர்களிடம் தங்கிவிட்டது என்று. தேதியை மாற்றலாம். சுவரைச் சரிசெய்யலாம். ஒருவர் மனதில் வைத்த பயத்தை வாய்க்கால் வெட்டி வடித்துவிட முடிவதில்லை. ஆபத்தைச் சொல்லாமல் இருக்காதீர்கள், அது பாவம். ஆனால் சொல்லும்போது, தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, எப்போது தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் நடுக்கத்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இது எப்படி என்று எனக்குச் சொல்லித் தரத் தெரியாது. எனக்கே இன்னும் வரவில்லை.

வருடம் ஓடிவிட்டது. இப்போது மறுபடி ஐப்பசி மழை. முதல் போட்டவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். இந்தக் கார்த்திகைக்குள் ஆட்கள் குடியேறாவிட்டால் நிதியத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வரிசை வீடுகளோ சென்ற வருடத்தைவிட மோசம். எந்த மண் சுவர் எப்போது உட்காரும் என்று சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் புது வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

போன திங்கட்கிழமை ராசம்மா அலுவலகத்துக்கு வந்தார். நித்யாவும் கூட வந்திருந்தாள். லேசாகத் தாங்கி நடக்கிறாள். ராசம்மா உட்காராமலேயே பேசினார்.

"பதினெட்டு வீடும் பேசிட்டோம். வாறோம். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க அக்கா."

"அன்னைக்கு வேண்டாம்னு நீங்க சொன்னத நாங்க நம்புனதுக்கு ஒங்க மொகந்தேன் காரணம். கண்ணாடி, சுவரு, அதெல்லாம் எங்களுக்கு வெளங்கல. மொகம் வெளங்குச்சு. இப்ப நல்லாருக்குன்னு காகிதத்துல சொல்றீங்க. காகிதம் எங்களுக்குப் பழக்கம். நீங்க வாங்க. ஒங்க பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. மேல் வரிசையில எங்க வீட்டுல, மழை விடுற வரைக்கும் எங்களோட இருங்க. வேலைக்கு அங்கேருந்தே போங்க. நீங்க புள்ளையோட படுத்தா நாங்களும் படுப்போம்."

"நான் மட்டும் வந்தா?"

"அது ஒங்க சோலிக்காக வந்ததா இருக்கும்" என்றார். மிரட்டல் எதுவும் அதில் இல்லை. ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்பதுபோல்தான் இருந்தது. கிளம்பும்போது, "வெரசா சொல்லுங்க. கார்த்திகை வந்துரும்" என்றார்.

வீட்டில் சொன்னேன். "நீ போ. பாப்பா வரமாட்டா" என்றார் என் கணவர். பேச்சு அத்தோடு முடிந்தது. என் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் மறுத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்ட இடத்தில் என் குழந்தையைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை என்றால், பதினெட்டுக் குடும்பங்களின் குழந்தைகளுக்காக நான் போட்ட அந்தக் கையெழுத்து என்ன? படுக்கவைத்தால், வேலைக்காகப் பெற்ற பிள்ளையைப் பணயம் வைக்கிறவள் ஆகிவிடுகிறேனா? கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அவர்கள் இன்னொரு மழைக்காலத்தை வீங்கிய சுவர்களுக்கு நடுவில் கழிக்க வேண்டும். நித்யா தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்த பிறகு அதைச் செய்யவும் எனக்குத் தெம்பில்லை.

உங்களுக்குப் பாடம் சொல்லத்தான் இதை எழுதச் சொன்னார்கள். நான் உங்களிடம் கேட்டு எழுதுகிறேன். நீங்கள் என்னைவிடச் சின்னவர்கள், இந்த மலைக்குப் புதியவர்கள், ஒருவேளை அதனாலேயே என்னைவிடத் தெளிவாகப் பார்க்கக் கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ராசம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாமா? உங்களில் பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நீங்கள் முதலில் எழுதுங்கள்.